பொன்னாயி திருப்பி வைத்த பாட்டில்கள்

சுற்றுச்சூழல் பாடத்தை எப்படி நடத்தினால் பிள்ளைகள் மனதில் பதியும் என்று போன வாரம், புதிதாக டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். "பதியாத மாதிரி நடத்து கண்ணு. உனக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். ரிட்டயர் ஆன டீச்சருக்குக் குசும்பு போகவில்லை என்று நினைத்திருப்பீர்கள். குசும்பு இல்லை, வயிற்றெரிச்சல். அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு சிரிக்க முடிந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கொல்லிமலையில், அங்கே நாடு என்று சொல்கிற ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். எட்டாவதோடு சரி. ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும். அதனால் எட்டாவதோடு பெண்பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும். யாரும் அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. ராகிக் காட்டில் வேலை இருந்தது, மரவள்ளி பிடுங்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மேலே இருந்து ஒரு உத்தரவு வந்தது. எல்லாப் பள்ளியிலும் சுற்றுச்சூழல் மன்றம் தொடங்க வேண்டும், ஊர்வலம் போக வேண்டும், பிள்ளைகளைக் கொண்டு குப்பை பொறுக்க வைக்க வேண்டும். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். யார் குவித்த குப்பை பெரியதோ அந்தப் பள்ளிக்குக் கேடயம். ஆமாம், குப்பை அதிகம் வைத்திருக்கும் பள்ளிக்குத்தான் பரிசு. இதை யோசித்த புண்ணியவானை நான் கடைசிவரை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஊர்வலம் போனோம். மஞ்சள் அட்டையில் 'குப்பை போடாதீர்' என்று எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, குடிசை குடிசையாகக் கோஷம் போட்டுக்கொண்டு போனோம். அந்த ஊர்களில் என்ன குப்பை இருந்தது? சாப்பிட்ட இலை மாட்டுக்குப் போகும். மரவள்ளித் தோல் ஆட்டுக்குப் போகும். சாணமும் சாம்பலும் குழியில் விழுந்து, மழைக்கு முன்னால் காட்டுக்குப் போகும். காலி பாட்டில் ஒன்று ரோட்டில் கிடந்தால் ஒரு நாழிகை தங்காது. மண்ணெண்ணெய் வாங்க, தேன் ஊற்றி வைக்க என்று யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிளகு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் கோஷத்தைக் கேட்டு எழுந்து நின்று, "ஏனுங் டீச்சரு, புள்ளைங்களுக்கு ஆரு மேலீங்க இத்தன கோவம்?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வகுப்பில் அதைவிடக் கூத்து. குப்பையைத் தொட்டியில் போட வேண்டும் என்று பாடப் புத்தகம் சொன்னது. "தொட்டி நெறஞ்சா எங்கீங்க டீச்சர் கொட்றது?" என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்றேன். "லாரி எங்கீங்க கொண்டு போவும்?" என்றாள். உட்காரச் சொன்னேன். அவள்தான் பொன்னாயி.

பொன்னாயியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பேச்சு கொஞ்சம், கேள்வி அதிகம். அவளுடைய குடியிருப்பிலிருந்து எந்தப் பெண்பிள்ளையும் ஒன்பதாவது போனதில்லை. நான் இரண்டு வருஷமாக அவள் அப்பாவின் பின்னால் நடந்து, "சரீங்க டீச்சரு, ஆஸ்டல்ல சேத்தி உடறேன்" என்ற வார்த்தையை வாங்கி வைத்திருந்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் மாறமாட்டார். அந்த நம்பிக்கையில் இருந்தேன்.

புத்தகத்தை நம்பினால் வேலைக்காகாது என்று நானே ஒரு பாடம் நடத்தினேன். இரண்டு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி ராகி விதைத்தோம். ஒன்றில் மண்ணுக்கு நடுவே பாலிதீன் கவர் ஒன்றை விரித்து மூடினோம். பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கவர் இல்லாததில் பயிர் பச்சென்று வந்தது. மற்றதில் தண்ணீர் இறங்காமல் நின்று, முளை அழுகி நாறியது. கவரைத் தூக்கிக் காட்டினேன். கீழே இருந்த மண் பொடியாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பிள்ளை பேசவில்லை. அப்படிப்பட்ட அமைதி ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கையில் சில முறைதான் கிடைக்கும். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

பொன்னாயி மட்டும் கேட்டாள். "அப்ப காட்டுக்குள்ள கெடக்கற கவரெல்லாம் மண்ணு வாய மூடிப்போடுமுங்களா? ஊத்துக்குத் தண்ணி எப்படீங்க எறங்கும்?"

"இறங்காது" என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன்.

அவள் கேட்ட காடு கருப்பனார் காடு. ரோட்டை ஒட்டி இருக்கிற கோயில் காடு. பெரிய பெரிய மரங்கள், வெயில் தரையில் விழாது. அவர்கள் குடிக்கிற ஊற்று அந்தக் காட்டுக்குக் கீழேதான் கசிந்து வரும். அந்தக் காட்டுக்குள் செருப்புக் காலோடு யாரும் போகமாட்டார்கள். உள்ளே இருக்கிற எதையும் வெளியே கொண்டு வரமாட்டார்கள். விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. அடுப்புக்கு விறகில்லாமல் ஈர மட்டையை ஊதிக்கொண்டிருப்பார்கள், காலடியில் கிடக்கிற காய்ந்த கிளையைத் தொடமாட்டார்கள். அதனால்தான் அந்தக் காடு காடாக இருந்தது.

நிழல் நன்றாக இருக்கிறது என்று கீழே இருந்து வேன் பிடித்துச் சுற்றிப் பார்க்க வந்தவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் வழியில் அங்கே இறங்கிச் சாப்பிடுவார்கள், குடிப்பார்கள், பாட்டிலைப் பாறையில் அடிப்பார்கள், போய்விடுவார்கள். மீதி எல்லாம் உள்ளேயே கிடக்கும். கிடந்தால் கிடந்ததுதான். உள்ளே இருப்பதை எடுக்கக் கூடாதே! நல்ல பாட்டில்கள்கூட அப்படியே கிடந்தன. வெளியே கிடந்திருந்தால் அடித்துப் பிடித்து எடுத்திருப்பார்கள். சுள்ளியைக் காத்த அதே கட்டுப்பாடு இப்போது பிரியாணிப் பொட்டலத்தையும் காத்துக்கொண்டிருந்தது.

ஆபீசர் வரும் நாள் நெருங்கியது. எங்கள் குவியல் முழங்கால் உயரம்கூட வரவில்லை. பெரிய வாத்தியார், அதாவது எங்கள் ஹெட்மாஸ்டர், காலைப் பிரார்த்தனையில் நின்று, "எங்க கெடந்தாலும் உடாதீங்க. பொறுக்கி எடுத்துட்டு வாங்க. நெறைய கொண்டு வர்றவங்களுக்கு ஆபீசர் கையால பரிசு" என்று சொன்னார். எங்க கெடந்தாலும் என்று சொன்னது என் இரண்டு காதிலும் விழுந்தது. நானும் அங்கேதான் நின்றேன்.

மறுநாள் காலையில் பொன்னாயி ஒரு மரவள்ளிச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். இறக்கிக் கொட்டினாள். பாட்டில்கள், உடைந்த சில்லு, கவர், தட்டு. "எங்கிருந்து கண்ணு?" என்றேன்.

"கருப்பனார் காட்டுலருந்துங்க டீச்சர்."

சுற்றி நின்ற பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். "உள்ளதை எடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். அவள் என்னையே பார்த்துச் சொன்னாள். "தழை எடுக்கக் கூடாது, சுள்ளி எடுக்கக் கூடாதுன்னு தானுங்க சொல்லியிருக்காங்க. அதெல்லாம் சாமியோடதுங்க. இது வேன்காரங்களோடதுதானுங்களே. ஊத்து அடைச்சுக்குமில்லீங்களா?"

பெரிய வாத்தியாரிடம் ஓடினேன். இதைத் தனியாக எடுத்து வைப்போம், முதலில் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்றேன். "நாளன்னைக்கு ஆபீசர் வர்றாரு டீச்சர். இது தானா வந்த யோகம். பேசாம இருங்க" என்று சொல்லி, அத்தனையும் குவியலின் உச்சியில் வைக்கச் சொன்னார். பாட்டிலெல்லாம் வெயிலில் பளபளவென்று மின்னின. மத்தியானத்துக்குள் சுற்றியிருந்த மூன்று குடியிருப்புக்கும் செய்தி போய்விட்டது.

சாயங்காலம் மந்தையில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. பொன்னாயி ஒரு பக்கம் நின்றாள், அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு பக்கம். நாங்கள் இரண்டு வாத்தியார்களும் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

"பள்ளிக்கூடத்துல எடுத்துட்டு வரச் சொன்னீங்களாமா?" என்று கவுண்டர் கேட்டார்.

பெரிய வாத்தியார் கொஞ்சமும் தயங்கவில்லை. "அய்யய்யோ, நாங்க அப்படிச் சொல்வமுங்களா? ரோட்டோரம் பொறுக்கச் சொன்னோம். புள்ள தானா போயிருக்குதுங்க."

"இல்லீங்க சார், பிரேயர்ல நீங்கதான்..." என்றாள் பொன்னாயி.

"பெரிய வாத்தியார் பொய் சொல்லுவாருங்களா?" என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார். இன்னொருவர், "பாட்டலு நல்ல பாட்டலு. தேனு ஊத்தறதுக்கு ஆவுமின்னு எடுத்திருப்பா" என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. சாமி சொத்தைத் திருடியவள் என்ற பேர் அங்கே ஒட்டினால் போகாது. அந்தக் குடும்பம் ஊர்த் திருவிழாவுக்கு, நோம்பிக்கு வர முடியாது, அவளுக்குக் கல்யாணம் பேச ஆள் வராது. பொன்னாயி என்னைப் பார்த்தாள்.

நான் எழப் போவதைக் கண்டு பெரிய வாத்தியார் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "வாயத் தெறக்காதீங்க. புள்ளைய ரெண்டு வார்த்தை திட்டிட்டு உட்டுடுவாங்க. பள்ளிக்கூடந்தான் சொல்லுச்சுன்னு ஆச்சுன்னா நாளைக்கு ஒரு பொட்டப்புள்ள உள்ள வராது." அவரைத் திட்டுவதற்கு எனக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை.

யோசிக்க நேரம் எங்கே இருந்தது? எழுந்துவிட்டேன். "பள்ளிக்கூடம்தானுங்க சொல்லுச்சு. எங்க கெடந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லி எல்லாப் பிள்ளைகளும் கேக்கறாப்பல சொன்னாங்க. ஊத்துக்குத் தண்ணி எறங்காதுன்னு பாடம் நடத்துனது நான். இவ திருடலீங்க, தேனுக்கு எடுக்கலீங்க. நாங்க சொன்னத நம்பிச் செஞ்சா" என்றேன்.

கூட்டம் அடங்கியது. கவுண்டர் பொன்னாயியைப் பார்த்துத் தலையசைத்தார். திருட்டுப் பேர் போய்விட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் வாயைச் சும்மா வைத்திருக்காமல் கேட்டேன். "எடுத்தவள நிக்க வெச்சுக் கேக்கறீங்க. போட்டவங்கள யாரும் கேக்கலீங்களே?"

கவுண்டர் கோபப்படவில்லை. "அவங்க வெளியூருங்க டீச்சரு. அவங்களுக்கு நம்ம சாமி தெரியாது. இவளுக்குத் தெரியுமில்லீங்க? இன்னைக்குக் கண்ணாடிதானேம்பீங்க. நாளைக்குக் காஞ்ச வெறகுதானேம்பீங்க. அப்பறம் லாரி கொண்டாந்து, மரந்தானேம்பாங்க. உள்ள உழுந்தது உள்ளதாங்க இருக்கோணும்" என்றார்.

அதற்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

"எடுக்கக் கூடாதுன்னா போடவும் கூடாதுன்னு வேன்காரங்களுக்கு நாம சொல்லலாமுங்களே அப்பாரு" என்றாள் பொன்னாயி. கவுண்டர் அவளுக்குத் தாத்தா முறை. பெரியவர்கள் கூடின இடத்தில் பெண்பிள்ளை வாய் திறந்தது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துப் பேச்சு" என்றார் ஒருவர். எடுத்ததை எடுத்த இடத்திலேயே அவள் கையால் திருப்பி வைக்க வேண்டும் என்று முடிவானது.

வெளிச்சம் இருக்கும்போதே, அவள் அப்பாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வரப் போனோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டு ஓரத்தில் நின்றேன். அவள் சாக்கோடு உள்ளே போனாள். பாட்டிலை வைத்தாள். சில்லை ஒவ்வொன்றாக, யார் காலிலும் குத்தாமல் வேர் சந்துகளில் செருகினாள். கவர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஒரு பாறை மேல் அடுக்கி, பறக்காமல் கல் வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. மண் வாயை மூடக் கூடாது என்று பார்க்கிறாள் பிள்ளை.

"அங்கில்ல சாமி. எடுத்த எடத்துல வை" என்று கூட வந்த பெரியவர் சொன்னார். அதட்டவில்லை, கனிவாகத்தான் சொன்னார். அவள் கல்லை எடுத்துவிட்டு, கவர்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து மண் மேல் விரித்தாள். நான் நடத்திய பாடத்தை நானே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டாங்குச்சியில் செய்து காட்டியதைக் காட்டில் செய்தாள்.

திரும்பி வரும்போது அவள் அப்பா என் பக்கத்தில் நடந்தார். "எம்புள்ள திருடலைன்னு ஊரறியச் சொல்லிப்போட்டீங்க. நெம்ப நன்றீங்க" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டு, "ஆனா டீச்சரு, பள்ளிக்கூடந்தான் சொல்லுச்சுன்னா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் எப்படீங்க அனுப்பறது?" என்றார்.

அப்புறம் அவர் ஊட்டுக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று கேட்காதீர்கள். களி போட்டுச் சாப்பிடச் சொல்வார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஹாஸ்டல் பேச்சை எடுத்தால் அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். பொன்னாயி உள்ளே ராகி திரித்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை மாறாத மனுஷன் என்று நான் நம்பியிருந்தேனே, அனுப்பமாட்டேன் என்ற இந்த வார்த்தையில்தான் அது பலித்தது. அதே குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்த மற்ற இரண்டு பெண்பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். "சொன்னனில்லீங்க டீச்சர்" என்றார் பெரிய வாத்தியார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை.

கேடயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எங்களுக்குத்தான் கிடைத்தது. பொன்னாயியின் சாக்கு போனதும் பெரிய வாத்தியார் ஒரு ஜீப் பிடித்து, பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக் குப்பையை எல்லாம் வாரிக் கொண்டு வந்துவிட்டார். ஆபீசர் வந்தார், குவியலைப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். இளைய தலைமுறை என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினார். எடுத்துப் போக லாரி வரும் என்றார். வரவில்லை. ஒரு வாரம் நாறியது. அப்புறம் பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓடைச் சரிவில் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளைக் கொண்டே தள்ளினார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்து, "டீச்சர், லாரி எங்கீங்க கொண்டு போவும்னு பொன்னாயி கேட்டாளே, இங்கதானுங்களா?" என்றான். அடிக்கக் கை ஓங்கியது. யாரை அடிப்பது?

நான் அன்றைக்கு எழுந்து பேசியது சரி. இப்போது அதே கூட்டத்தில் உட்கார வைத்தாலும் எழுந்துவிடுவேன். சரியானதைச் சொன்ன அன்றே ஒரு பிள்ளையின் படிப்பு போகும் என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். மோசமாக நடத்தின பாடத்தால் எந்தப் பிள்ளையும் கெட்டு நான் பார்த்ததில்லை. தூங்கிவிட்டு ஊட்டுக்குப் போய்விடும். நன்றாக நடத்தின பாடம் அப்படியில்லை. எங்கோ ஒருத்தி அதை நம்பி, விடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் பின்னால் யார் நிற்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அப்புறம் வாயைத் திற. ஆபீசர் நிற்கமாட்டார். ஹெட்மாஸ்டர் நிற்கமாட்டார். நீ நின்றாலும் போதாமல் போகலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இரண்டாயிரத்துக்கு அப்புறம் வருஷங்கள் ஓடி, நான் ரிட்டயர் ஆகப் போகிற சமயம். நடுவில் மலையிலேயே வேறு நாட்டுக்கெல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் அதே பள்ளிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஜூன் மாதம், சேர்க்கை நடக்கிறது. ஒரு பெண் சின்னப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சர், என்னத் தெரீதுங்களா?" என்றாள். தெரியாமல் என்ன? அதே நேராகப் பார்க்கிற பார்வை.

பிள்ளை பேரை எழுதிக்கொண்டு, கையில் ஒரு மிட்டாய் கொடுத்தேன். பொன்னாயி போகாமல் நின்றாள்.

"என்ன கண்ணு?"

"நீங்களே பாடம் நடத்துவீங்களா டீச்சர்?"

"நான்தான்."

"நல்லா நடத்துங்க. எழுதப் படிக்க, கணக்கு, எல்லாம் சொல்லிக் குடுங்க. எவ்வளவு தூரம் வேணும்னாலும் இவள நான் அனுப்பறனுங்க." பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னாள். "அந்தக் குப்பைப் பாடம் மட்டும் இவளுக்கு வேண்டாமுங்க டீச்சர்."

"சரி கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு காகிதத்தைக் கீழே போட்டது. பொன்னாயி பேச்சோடு பேச்சாகக் குனிந்து அதை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். போட ஒரு இடமும் அகப்படவில்லை. சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேடயம் அப்போதும் ஆபீஸ் அறைக் கண்ணாடி பீரோவில்தான் இருந்தது. குப்பைத்தொட்டி வாங்கவே இல்லை.